தாளம் வேணும், ஆள் வேணாமா?

கானாவை ரசிக்கிறவன் வியாசர்பாடிக்காரனுக்கு வாடகைக்கு வீடு தருவானா? ரொம்ப நாளாக நாம் கேட்டுவரும் கேள்வி இது. சாவு வீட்டில் விடிய விடியப் பாடியதை, மேசையிலும் சட்டியிலும் தட்டித் தட்டி வளர்த்ததைச் சினிமா தூக்கிக்கொண்டு போனது. பாட்டு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தது, பாடினவன் வாசலில் நின்றான். பறையைத் தீட்டு என்றவனுக்கும் அவன் வீட்டுச் சாவுக்குப் பறை வேண்டியிருந்தது. தாளம் வேணும், ஆள் வேணாம். சாதியின் பழைய புத்தி இது.

இதே கதை கடலுக்கு அந்தப் பக்கமும் நடந்திருக்கிறது. டிஸ்கோ என்றால் நமக்கு ஜிகினா சட்டையும் சுழலும் விளக்கும்தான் ஞாபகம். 1982இல் வந்த இந்தி 'டிஸ்கோ டான்சர்' 1985இல் ஆனந்த்பாபு ஆடத் தமிழில் 'பாடும் வானம்பாடி' ஆனது. அந்த ஆட்டம் யார் வீட்டுச் சொத்து என்று மட்டும் எவனும் சொல்லவில்லை.

1970களின் நியூயார்க்கில் கறுப்பர்களும் லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்களும் ஆணை நேசித்த ஆண்களும் ராத்திரிகளில் கூடின இடங்களில் வளர்ந்தது அது. சில வருஷம் முன்புவரை ஆணும் ஆணும் சேர்ந்து ஆடினால் போலீஸ் புகுந்த ஊர். 1977இல் டோனா சம்மர் பாடிய 'ஐ ஃபீல் லவ்' பாட்டில், குரலைத் தவிர ஏறக்குறைய எல்லாமே சிந்தசைசர் சத்தம். ஜார்ஜியோ மொரோடர் கூட்டணி செய்தது. மூச்சே வாங்காத தாளம். பகலெல்லாம் ஒடுங்கிக் கிடந்த உடம்பு அந்தத் தாளத்தில் நிமிர்ந்தது.

அடுத்த வருஷம் சில்வெஸ்டரின் பாட்டு உலகம் சுற்றியது. கறுப்பர், சின்ன வயதில் சர்ச்சில் பாடியவர், தன் ஆசையை ஒளிக்காதவர். அவருக்கு சிந்தசைசர் வாசித்தவர் பேட்ரிக் கௌலி. எய்ட்ஸ் கௌலியை 1982இலும் சில்வெஸ்டரை 1988இலும் கொண்டுபோனது. பாட்டில் வரும் வருமானத்தை எய்ட்ஸ் நோயாளிகளுக்கு உதவும் அமைப்புகளுக்கு எழுதிவைத்துவிட்டுச் செத்தார் சில்வெஸ்டர்.

1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் பேஸ்பால் மைதானமொன்றில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மைதானத்துக்குள் பாய்ந்து கூத்தாடினார்கள். பாட்டு பிடிக்காதவன் ரேடியோவை நிறுத்துவான். வெடி வைத்தவன் யார் முகத்தை நினைத்துக்கொண்டு வைத்தான்?

இப்போ கேள்வியை நம்ம தெருவுக்குத் திருப்புவோம். சாவு மேளத்துக்கு ஆம்பளைங்க எல்லாரும் ஆடுறாங்க. ஒரு பையன் இடுப்பை நெளிச்சு ஆடினா விசில் பறக்குது, கூடவே 'ஒம்போது'ன்னு கூப்பாடும் வருது. ஆட்டத்தை ரசிச்சவங்களே, அந்தப் பையன் வீட்டில உதைபடும்போது கதவைச் சாத்திக்கிறாங்க. திருவிழாவுக்குத் திருநங்கையை ஆடக் கூப்பிடுகிற தெரு, அவர் வாடகைக்கு அறை கேட்டால் கையை விரிக்கிறது. ஊர்க்காரனைக் கேட்ட கேள்வி நம்ம வாசல்லயே வந்து நிக்குது.

'முதல்ல சாதி ஒழியட்டும், இதெல்லாம் அப்புறம்' என்கிறார்கள் சில தோழர்கள். முதலில் சுதந்திரம், தீண்டாமை அப்புறம் என்று அம்பேத்கர் காலத்திலும் சொன்னார்கள். ஒருபால் உறவு உள்ளிட்ட வாசகர் கேள்விகளுக்குப் பத்திரிகையில் பதில் எழுதியதற்காக ரகுநாத் கார்வே மீது ஆபாச வழக்கு வந்தது. 1934இல் பம்பாயில் அவருக்காக வாதாடியவர் அம்பேத்கர். தோற்ற வழக்குதான். ஆனாலும் 'அப்புறம்' என்று அவர் சொல்லவில்லை. 2018 செப்டம்பர் 6இல், ஒருபால் உறவைக் குற்றமாக்கிய சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றபோது துணைக்கு அழைத்ததும் அம்பேத்கர் பேசிய அரசியலமைப்பு அறத்தைத்தான். ஊர் எதை ஒழுக்கம் என்கிறதோ அதைவிட ஒரு மனுஷனின் சமத்துவம் பெரிது என்கிற அறம் அது. சாதியும் ஊர் ஒழுக்கம்தானே! நம்மை அடித்த அந்தக் கோலை எடுத்து நம்ம பிள்ளையை அடிக்கலாமா?

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது பாட்டோடு ஆளும் வந்தான். தாளத்தை மட்டும் உருவிக்கொண்டு போக முடியாது என்று அந்த மேடை சொன்னது. அதே நியாயம் இந்தப் பையனுக்கும் உண்டு. அடுத்த சாவுக்கு மேளம் கட்டும்போது அவன் ஆடுவான். ஆடி முடிச்சிட்டு ராத்திரி எங்க தூங்கப் போறான்னு கேட்கிறது நம்ம வேலை.