பட்டா உன் பெயரில் இருக்கட்டும்

உன் போனை எடு. கேலரியைத் திற. கீழே கீழே தள்ளிக்கொண்டே போ.

போன சித்திரையில் கள்ளழகர் வைகையில் இறங்கிய காலை அதில் இருக்கிறதா? அலங்காநல்லூர் வாடிவாசலில் உன் மாமா வளர்த்த காளை பாய்ந்து வந்த நொடி இருக்கிறதா? அப்பத்தா பேத்தியை மடியில் போட்டுப் பாடிய தாலாட்டு? மூன்றாவது வீட்டு அக்கா சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே பேசிய பேச்சு? இருக்கும். போன் நிரம்பிவிட்டது என்று நீ அழிக்கப் பார்ப்பதே அவற்றைத்தானே! சரி, இதில் ஒன்றையாவது உசிலம்பட்டியில் இருப்பவனோ உகாண்டாவில் இருப்பவனோ தேடினால் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. நாலு வாட்ஸ்அப் குழுவில் சுற்றிவிட்டுச் செத்துப்போயிருக்கும்.

கேட்டால், “இதையெல்லாம் யாருண்ணே பார்ப்பா?” என்கிறாய்.

தம்பி, இந்த ஒரு கேள்வியை உன் வாயிலிருந்து பிடுங்கி எறியத்தான் இதை எழுதுகிறேன்.

2005 ஏப்ரல் 23 அன்று யூடியூபில் ஏறிய முதல் வீடியோ என்ன தெரியுமா? அந்தத் தளத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜாவேத் கரீம், அமெரிக்காவின் சான் டியேகோ மிருகக்காட்சி சாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று, தும்பிக்கை எவ்வளவு நீளம் பாருங்கள் என்கிற மாதிரி இரண்டு வார்த்தை பேசுகிறார். 19 விநாடி. அவ்வளவுதான். விளக்கு இல்லை, மைக் இல்லை, எடிட்டிங் இல்லை. அடுத்த ஆண்டே கூகுள் நிறுவனம் அந்தத் தளத்தை 165 கோடி டாலருக்கு வாங்கியது. யானையைப் பற்றிப் பேச அந்த மனிதருக்கு 19 விநாடிதான் விஷயம் இருந்தது. ஆடி வீதியில் கோயில் யானைக்குப் பின்னாலேயே ஓடி வளர்ந்த உனக்கு எவ்வளவு இருக்கிறது!

அமெரிக்கா தூரம் என்றால் பக்கத்துக்கு வா. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலம். தாத்தா பெரியதம்பியும் அவருடைய பேரன்மாரும் 2018-ல் வயல்காட்டில் அடுப்பு மூட்டி, அம்மியில் அரைத்து, அண்டாவில் சமைத்து, கேமரா முன் வைத்தார்கள். ஸ்டுடியோ கட்டவில்லை. 2021-ல் வில்லேஜ் குக்கிங் சேனலின் சந்தாதாரர்கள் ஒரு கோடியைத் தாண்டினார்கள். தமிழில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் சேனல் அது. அந்த வருமானத்திலிருந்து முதலமைச்சர் நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். “யாருண்ணே பார்ப்பா” என்று அந்தப் பேரன்மாரும் நினைத்திருந்தால் தாத்தாவின் கைமணம் அந்த ஊர் எல்லையோடு நின்றிருக்கும்.

இன்னும் பக்கத்தில், நம் மதுரையிலேயே ஒரு பெண். திவ்யபாரதி. மலம் அள்ளும் தொழிலாளர்களின் வாழ்வையும் சாவையும் தமிழகத்தின் பல மாவட்டங்களில் அலைந்து படம்பிடித்து, ‘கக்கூஸ்’ என்று பெயர் வைத்தார். 2017-ல் அந்த ஆவணப்படத்தைத் திரையிடத் தடைகள் வந்தன. அரங்கு மறுக்கப்பட்டதும் அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை, படத்தை யூடியூபில் ஏற்றினார். மூடிய கதவுக்கு வெளியே நின்ற படம் போன் வைத்திருந்த ஒவ்வொருவர் கைக்குள்ளும் போய்ச் சேர்ந்தது. ஒரு அப்லோடுக்கு எவ்வளவு வலிமை என்று இனியும் யாரும் உனக்குச் சொல்லித்தர வேண்டுமா?

இதுவரை சொன்னது பாதிதான். மீதிப் பாதியை நான் அடிபட்டுக் கற்றேன்.

பல ஆண்டுகளுக்கு முன் மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக் கோயில் திருவிழாவில் விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ நாடகம். எண்பது வயதை நெருங்கிய பெரியவர் ஒருவர் ஆர்மோனியம் வாசித்தார். அவர் விரல்கள் ஓடியதை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்கிறேன். முழுவதையும் எடுத்தேன். ஒரு வீடியோ தளத்தில் ஏற்றினேன். ஏற்றியாகிவிட்டதே என்ற தைரியத்தில் மெமரி கார்டை அழித்து அடுத்த வேலைக்குப் பயன்படுத்தினேன். நாடகம் தொடங்கும் முன் மைக்செட்டில் ஓடிய சினிமாப் பாட்டும் வீடியோவில் விழுந்திருந்தது. அதன் மீது உரிமைப் புகார். இதே போல வேறு இரண்டு திருவிழா வீடியோக்களிலும் புகார். ஒரு காலையில் கணக்கையே முடக்கிவிட்டார்கள். எழுதிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், ஒரே மாதிரி தானியங்கிப் பதில்தான் வந்தது. அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அந்த ஆர்மோனியமும் என்னிடம் இல்லை.

இப்படி விடிய விடிய நாடகம் போடும் நம் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களைப் பற்றி சூசன் சீசர் என்ற அமெரிக்க ஆய்வாளர் மதுரையில் தங்கி ஆராய்ந்து எழுதிய நூலை டியூக் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2005-ல் வெளியிட்டது. கடல் தாண்டி வந்தவர் நம் மேடையின் அருமையைப் பக்கம் பக்கமாகப் பதிந்து வைத்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நான் கையிலிருந்ததைத் தொலைத்தேன். உனக்கு அப்படி நடக்கக் கூடாது.

2020 ஜூன் 29-ஐ நினைத்துப் பார். டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளுக்கு மத்திய அரசு தடை விதித்த நாள். அரசின் முடிவு சரியா தவறா என்று நான் இங்கே வாதாட வரவில்லை. டிக்டாக்கில் மட்டும் தங்கள் ஆட்டத்தையும் பாட்டையும் பேச்சையும் கொட்டி வைத்திருந்த எத்தனை கிராமத்துப் பிள்ளைகள் மறுநாள் பெயரிழந்து நின்றார்கள் என்று மட்டும் யோசி. 2005-ல் வந்த கூகுள் வீடியோ 2012-ல் மூடப்பட்டது. எவ்வளவு பெரிய கடையானாலும் ஒருநாள் ஷட்டரை இறக்கும். கடை அவர்களுடையது. சரக்கு உன்னுடையதல்லவா?

ஆகவே பட்டாவை உன் பெயருக்கு மாற்று.

டொமைன் என்கிறார்களே, அதுதான் பட்டா. உன் பெயரிலோ உன் தொழிலின் பெயரிலோ ஒரு வெப்சைட் முகவரி. ஆண்டுக்கு ஒரு குடும்பம் ஒருமுறை சினிமாவுக்குப் போய்வரும் செலவில் கிடைத்துவிடும். அதில் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு பக்கம் திற. வீடியோவை யூடியூபிலோ விமியோவிலோ ஏற்று. அவர்கள் தரும் ‘எம்பெட்’ என்ற சிறு நிரலை எடுத்து உன் பக்கத்தில் ஒட்டு. வேர்டுபிரஸ் வைத்திருந்தால் அதுவும் வேண்டாம், வீடியோ லிங்கைத் தனி வரியில் ஒட்டினாலே திரை தானாக வந்து நிற்கும். சரக்கு அவர்கள் குடோனில் இருக்கும், கடைப்பலகையில் உன் பெயர் இருக்கும். நாளைக்கே அந்த குடோன் பூட்டப்பட்டால் வேறு இடத்தில் ஏற்றிவிட்டு உன் பக்கத்தில் அந்த ஒரு வரியை மாற்றினால் போதும். நீ ஊரெல்லாம் கொடுத்த முகவரி அப்படியே இருக்கும். பார்க்க வருகிறவனுக்கு நீ வீடு மாறியதே தெரியாது.

“என் சர்வரிலேயே முழு வீடியோவையும் வைத்துக்கொள்கிறேனே” என்று ரோஷத்தோடு கேட்கிறாயா? அந்த ரோஷம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டு இறங்கு. நல்ல தெளிவான வீடியோ விநாடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஓடுகிறது என்று வை. ஒரு நிமிடத்துக்கு முப்பத்தேழரை எம்பி. பத்து நிமிட வீடியோ 375 எம்பி. ஆயிரம் பேர் முழுதாகப் பார்த்தால் 375 ஜிபி உன் சர்வரிலிருந்து வெளியே போக வேண்டும். பலரும் பங்குபோட்டுக்கொள்ளும் மலிவு ஹோஸ்டிங் அந்தப் பாரத்தைத் தாங்காது. வீடியோ திணறும், தளமே படுத்துவிடும். மேலும் பெரிய தளங்கள் ஒரே வீடியோவைப் பல தரத்தில் செய்து வைத்து, பார்ப்பவரின் நெட் வேகத்துக்குத் தக்கபடி மாற்றி மாற்றி அனுப்புகின்றன. பேரையூர்ப் பக்கம் ஒற்றைக் கோடு சிக்னலில் பார்ப்பவனுக்கும் படம் நிற்காமல் ஓடுவது அதனால்தான். அரை நிமிடத் துண்டு என்றால் சிறிதாக்கி உன் சர்வரிலேயே வை, தப்பில்லை. நீளமானதை எம்பெட் செய். ஒரே பக்கத்தில் இருபது வீடியோவை அடுக்கிவிடாதே. பக்கம் திறப்பதற்குள் வந்தவன் போய்விடுவான்.

மூலக் கோப்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அழிக்காதே. இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் உயர்கிறது, உயரட்டும். ஒரு ஹார்டுடிஸ்க் உன் வீட்டில், இன்னொன்று அக்கா வீட்டில். எல்லோரும் பார்க்கலாம் என்று நீ மனமுவந்து தருவதை இன்டர்நெட் ஆர்க்கைவிலும் ஒரு பிரதி ஏற்று. 1996-லிருந்து இயங்கும் லாபநோக்கற்ற நூலகம் அது, காசு கேட்பதில்லை. ஒரு காலத்தில் இணைய வீடியோ என்றாலே ஃபிளாஷ் என்று இருந்தது. 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி அதற்கு ஆதரவை நிறுத்தியது. அந்த வடிவத்தில் மட்டும் வைத்திருந்தவர்கள் வெறும் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூலத்தைப் பத்திரமாக வைத்திருந்தவர்களால் எம்பி4 ஆக்கி மறுபடி ஏற்ற முடிந்தது.

மைக்செட் பாட்டு ஓடும்போது கேமராவை நிறுத்து, அல்லது அந்தப் பகுதியை வெட்டு. கலைஞர்களிடமும் கைவினைஞர்களிடமும் அனுமதி கேட்டு எடு. அவர்கள் பெயரைப் போடு. வருமானம் வந்தால் பங்கு கொடு. அவர்கள் வியர்வையில் உனக்குப் பேர் வரப்போகிறது என்பதை மறக்காதே.

வீடியோவுக்குக் கீழே தமிழில் எழுது! நம்மவர்கள் அலட்சியமாக விடுவது இதைத்தான். தேடுகிறவன் எழுத்தைக் கொண்டுதான் தேடுவான். ‘VID_0047’ என்று விட்டுவிட்டால் எந்தத் தேடுபொறி உன் அப்பத்தாவைக் கண்டுபிடிக்கும்? எந்த ஊர், என்ன வேலை, யார் செய்கிறார், அந்தக் கருவிக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று இருநூறு வார்த்தை எழுது. முடிந்தால் சப்டைட்டில் போடு. காது கேளாதவரும் உன் ஊருக்குள் வரட்டும்.

எழுத்தின் அருமையை மதுரைக்காரனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1901-ல் பாண்டித்துரைத் தேவர் இந்த நகரில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். ஏடுகளைத் தேடிச் சேர்த்தார்கள், ‘செந்தமிழ்’ இதழ் நடத்தினார்கள், நூல்களை அச்சேற்றினார்கள். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரமும் நண்பர்களும், சங்கம் இருந்த ஊர் என்பதற்காகவே நம் ஊரின் பெயரை வைத்து மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். தமிழ் எழுத்து திரையில் தெரியவே தனி எழுத்துரு இறக்க வேண்டியிருந்த காலம் அது. பல ஊர்களில் இருந்த தன்னார்வலர்கள் வேலை முடிந்து வந்த பிறகு தட்டச்சு செய்து, பிழை திருத்தி, நம் இலக்கியங்களை இலவசமாக இணையத்தில் ஏற்றினார்கள். யாரும் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. ஏட்டிலிருந்து அச்சுக்கு ஒரு தலைமுறை கொண்டுவந்தது, அச்சிலிருந்து இணையத்துக்கு இன்னொரு தலைமுறை கொண்டுவந்தது. ஏட்டிலும் ஏறாமல் அச்சிலும் ஏறாமல் கையிலும் குரலிலும் மட்டுமே இருப்பதை ஏற்ற வேண்டிய தலைமுறை உன்னுடையது. வீடியோ இல்லாமல் அதை ஏற்ற வழியே இல்லை.

மதுரைச் சுங்குடிக்கு 2005-லும் மதுரை மல்லிக்கு 2013-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. சட்டம் பெயரைக் காக்கும். துணியைக் கிள்ளி நூல் சுற்றும் அந்த விரலின் லாவகத்தை எந்தச் சட்டம் காக்கும்? அச்சடித்த புள்ளிச் சேலையைச் சுங்குடி என்று விற்கிறவனுக்கு எதிராக நம் சௌராஷ்டிரப் பெண்கள் வைக்கக்கூடிய மறுக்க முடியாத சாட்சி, முடிச்சுப் போடுவதிலிருந்து சாயம் தோய்த்துப் பிரிப்பது வரை காட்டும் ஒரு பத்து நிமிட வீடியோ. அதை அவர்களுடைய சொந்தத் தளத்தில், சேலையின் படத்துக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார். விலை பேச வருகிறவன் மரியாதையாகப் பேசுவான்.

“எனக்கு இங்கிலீஷ் வராது.” வேண்டாம், வேர்டுபிரஸ் தமிழிலேயே கிடைக்கிறது. “நல்ல கேமரா இல்லை.” உன் கையில் இருக்கும் போன் 2005-ல் அந்த யானையை எடுத்த கேமராவைவிடப் பல மடங்கு மேல். “நான் பேசினால் மதுரைப் பேச்சு வருதுண்ணே.” வரட்டும்! அந்தப் பேச்சை மேடையிலும் திரையிலும் கேட்டு நாடே கைதட்டுகிறது, நீ எதற்கு அதை வாய்க்குள் அடக்குகிறாய்? “சிரிப்பாங்க.” முதல் பத்து நாள் சிரிப்பார்கள். பதினோராவது நாள் அவர்களில் ஒருவன் வந்து “எப்படிடா செய்தாய்” என்று கேட்பான். அவனுக்கும் சொல்லிக்கொடு.

தங்கச்சி, உனக்கும்தான் சொல்கிறேன். முகம் காட்டப் பயமாக இருந்தால் கையை மட்டும் காட்டு. குரலைக்கூடக் கொடுக்க வேண்டாம், எழுத்தில் சொல். பூக்கட்டும் கைக்கு முகம் தேவையில்லை.

ஆடி, ஆவணியில் விளாச்சேரியில் கொலு பொம்மை வேலை மும்முரமாக நடக்கும். மண் பிசைவதிலிருந்து கண் எழுதுவது வரை தெரு முழுக்க நடக்கும். ஒரு வீட்டில் அனுமதி கேட்டு உட்கார். ஒரே ஒரு பொம்மை முழுதாக உருவாகும் வரை எழுந்திருக்காதே. அதற்கு முன்னால், இன்று ராத்திரியே, போனில் தூங்கும் அப்பத்தாவின் தாலாட்டை ஹார்டுடிஸ்கில் ஒரு பிரதி எடுத்துவிட்டு ஏற்று. உன் பெயரில் ஒரு பக்கம் திறந்து, அவள் பெயரை மேலே எழுதி, காலையில் அவளை உட்கார வைத்துப் போட்டுக் காட்டு.