சத்தியகாமன் எடுத்துச் சென்ற செல்வம்

பாரத நாடு முழுவதிலும் பள்ளி ஆண்டு ஒரே நாளில் பிறப்பதில்லை. வட மாநிலங்கள் பலவற்றில் ஏப்ரல் மாதத்தில் வகுப்புகள் தொடங்கி, கோடை விடுமுறைக்குப் பின் மீண்டும் தொடர்கின்றன. கேரளத்திலோ ஜூன் மாதத்தில், பருவமழை பெய்யும் காலத்தில், பள்ளிகள் திறக்கின்றன. நாள் எதுவாயினும் அதற்கு முந்தைய வாரத்தில் எல்லா இல்லங்களிலும் ஒரே பரபரப்புதான். சீருடை, காலணி, நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை, கட்டணம் என அனைத்தும் ஆயத்தமாகின்றன. குழந்தையின் உள்ளம் ஆயத்தமாயிற்றா என்று எண்ணிப் பார்க்கும் பெற்றோர் சிலரே.

பள்ளிக்குப் புறப்பட்ட ஒரு சிறுவனின் வரலாறு சாந்தோக்கிய உபநிஷதத்தின் நான்காம் அத்தியாயத்தில் வருகிறது. அவன் பெயர் சத்தியகாமன். குருவை நாடிச் செல்ல விரும்பிய அவன், தன் கோத்திரம் யாதெனத் தாய் ஜபாலையிடம் கேட்டான். இளமையில் பல இடங்களில் பணி செய்து திரிந்த காலத்தில் அவனைப் பெற்றதாகவும், கோத்திரம் தனக்குத் தெரியாதென்றும், தன் பெயரையே சேர்த்துச் சத்தியகாம ஜாபாலன் எனக் கூறும்படியும் அவள் சொன்னாள். கௌதமரிடம் சென்ற சிறுவன், தாய் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே உரைத்தான். அவன் உண்மையினின்று விலகவில்லை என்பதைக் கண்ட குரு, சமித்தைக் கொண்டுவரச் சொல்லி அவனை மாணவனாக ஏற்றார்.

இங்குச் சிந்திக்கத் தக்கவள் அந்தத் தாய். ஒரு பொய்யான கோத்திரத்தைச் சொல்லிக் கொடுப்பது அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். தன் மானத்தைக் காட்டிலும் மகனின் வாய்மையைப் பெரிதாக மதித்தாள். தாய் உண்மை பேசியதால்தான் மகனும் சபையில் தலைநிமிர்ந்து உண்மை பேச முடிந்தது.

இன்றைய இல்லங்களின் நிலை என்ன? உறவினர் திருமணத்திற்குச் செல்ல விடுப்பு வேண்டுமெனில், காய்ச்சல் என்று கடிதம் எழுதித் தருகின்றனர். கடன் கேட்டு வந்தவரிடம், அப்பா வீட்டில் இல்லை என்று சொல்லுமாறு குழந்தையையே அனுப்புகின்றனர். அதே குழந்தை மதிப்பெண்ணை மறைத்தால் மட்டும் வெகுண்டெழுகின்றனர். அது எங்கே கற்றது என்பதை அவர்கள் நினைப்பதில்லை. குறைந்த மதிப்பெண்ணை அஞ்சாமல் வந்து சொல்லக்கூடிய இடமாக வீடு இல்லையெனில், நாளை அதைவிடப் பெரிய துன்பத்தையும் குழந்தை தனக்குள்ளேயே புதைத்துக்கொள்ளும். பள்ளியில் எவரேனும் மிரட்டினாலும் துன்புறுத்தினாலும் அதனைப் பெற்றோர் அறியாமலே போகக்கூடும்.

ஆகவே புதிய ஆண்டிற்கான முதல் ஏற்பாடு, நாள்தோறும் குழந்தை சொல்வதைக் கேட்க ஒரு நேரம் ஒதுக்குவதாகும். மாலையில் விளக்கேற்றிச் சிறிது நேரம் பிரார்த்தனை. பின்னர் அனைவரும் சேர்ந்து உணவு. அவ்வேளையில் தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஓய்வெடுக்கட்டும். அன்று என்ன மதிப்பெண் என்று தொடங்காமல், அன்று என்ன நடந்தது என்று கேட்கட்டும். குழந்தை தவற்றைச் சொன்னால், சொன்னதற்காக முதலில் பாராட்டி, பிறகு திருத்தலாம்.

உண்பதிலும் உழைப்பதிலும் உறங்குவதிலும் விழிப்பதிலும் அளவு வேண்டும் என்பது கீதையின் ஆறாம் அத்தியாயம் காட்டும் நெறி. அது யோகிக்கு மட்டும் உரியதன்று. 6 முதல் 12 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை என்கின்றனர் மருத்துவர்கள். விடுமுறையில் நள்ளிரவு வரை விழித்த குழந்தையை முதல் நாள் காலையில் அதட்டி எழுப்புவதால் பயனில்லை. பத்து நாட்களுக்கு முன்பிருந்தே உறங்கும் நேரத்தைச் சிறிது சிறிதாக முன்னுக்குக் கொண்டுவருதல் நலம். புத்தகப் பையைக் குழந்தையே முதல் நாள் இரவில் அடுக்கட்டும். பையின் எடை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்று 2020ஆம் ஆண்டின் பள்ளிப் பைக் கொள்கை கூறுகிறது. தன் பொருளைத் தானே பேணும் பழக்கமும் ஒரு தவமே.

கௌதமர் தம் மாணவனிடம் முதலில் ஒப்படைத்தது மெலிந்த 400 பசுக்களை. அவை 1000 ஆகும்வரை திரும்புவதில்லை என்று சத்தியகாமன் உறுதி பூண்டான். அந்த நெடிய காலத்தில் காளையும் அக்கினியும் பறவைகளும் அவனுக்கு உபதேசித்தன. கல்வி பொறுமையால் கனிவது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. முதல் மாதத் தேர்விலேயே பிள்ளையைப் பிற பிள்ளைகளோடு ஒப்பிட்டு வருந்தும் பெற்றோர் இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

கோத்திரம் அறியாத சிறுவனைக் குரு திருப்பி அனுப்பவில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமும், வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் சேர்க்கையை மறுக்கலாகாது என்கிறது. பிறர் வீட்டில் பணி செய்யும் ஜபாலைகள் இன்றும் பலர். தம் குழந்தைக்கு நோட்டு வாங்கும்போது, இல்லத்தில் பணி செய்பவரின் குழந்தைக்கும் ஒன்று வாங்குவது உண்மையான பூஜையாகும். அதனைத் தம் குழந்தையின் கையாலேயே, மரியாதையோடு கொடுக்கச் செய்யலாம். வாய்மையும் கனிவும் நிறைந்த இல்லத்திலிருந்து புறப்படும் குழந்தையை இறைவன் கைப்பற்றி அழைத்துச் செல்வான்.