ஓர் அங்குலம்



கோடை விடுமுறை வந்தால், ரொறன்ரோவில் வாழும் நம்மில் பலருக்குக் கனடாஸ் வொண்டர்லாண்டுக்கு ஒருமுறையாவது போகாமல் தீராது. 1981இல் திறக்கப்பட்ட அந்தப் பூங்காவின் பெரிய சவாரிகளில் ஏறுவதற்குக் குறிப்பிட்ட உயரம் வேண்டும். 2012இல் வந்த லெவயதன் என்னும் ரோலர் கோஸ்டருக்கு அது 54 அங்குலம் (137 செ.மீ.).

சில ஆண்டுகளுக்கு முன் என் மகனுக்கு ஓர் அங்குலம் குறைந்தது. மச்சாளின் பிள்ளைகள் ஏறப்போகிறார்கள். இவன் மட்டும் அழுகிறான். காலுறையை மடித்து அவன் சப்பாத்துக்குள் குதிப்பக்கம் வைத்தேன். வரிசையில் நிற்கையில் அவன் கேட்டான்: "அப்பா, நான் வளர்ந்திட்டனா, இல்லாட்டி சப்பாத்து வளர்ந்திட்டுதா?"

என்னிடம் பதில் இல்லை. வரிசையை விட்டு விலகி வந்தோம்.

பிள்ளையின் கண்ணீரைத் துடைக்க விதியை வளைப்பது அன்பாகுமா?

"காசு கொடுத்துத்தானே வந்தோம், ஓர் அங்குலத்தில் என்ன இருக்கிறது?" என்று மனம் வாதாடும். அந்த ரோலர் கோஸ்டர் 306 அடி உயரம் ஏறி, மணிக்கு 148 கி.மீ. வேகத்தில் இறங்குவது. மடிமேல் அழுத்தும் பிடிதான் ஆளை இருக்கையில் வைத்திருக்கிறது. அதற்குப் போதாத சிறிய உடல் நழுவக்கூடும். காலுறை குதியை உயர்த்தும். தொடையையும் இடுப்பையும் வளர்க்காது. பிள்ளைக்குத் தகுதி உண்டா என்று அந்தக் கோல் அளப்பதில்லை. அந்தப் பிடி அவனுக்குப் பொருந்துமா என்றே அளக்கிறது. இதை விளக்கிச் சொன்னால் பிள்ளைக்கு அவமானம் தோன்றாது.

ஆபத்தில்லாமல் இறங்கியிருந்தாலும், விதி பிறருக்கு, தந்திரம் நமக்கு என்ற பாடத்தை அவன் என்னிடமே படித்திருப்பான். நாளை அவன் பரீட்சையில் பார்த்து எழுதினால் எந்த முகத்தோடு கண்டிப்பேன்?

அதற்காகத் தம்பிக்கு உயரம் போதாதென்று அக்காவையும் தடுப்பது நியாயமன்று. தாயும் தந்தையும் முறை மாற்றி, ஒருவர் அவளுடன் ஏற, மற்றவர் சிறியவனுடன் வேறு சவாரிக்குப் போகலாம். புறப்படுமுன் வீட்டிலேயே உயரத்தை அளந்து, எதில் ஏறலாம், எதில் ஏற முடியாது என்று சொல்லிவிட்டால், வாசலில் அழுகை பாதியாகக் குறையும்.

அன்றிரவு சுவரில் பென்சிலால் கோடு போட்டோம். அடுத்த கோடையில் அவன் வெறும் சப்பாத்தோடு போய்க் கோலின் கீழ் நிமிர்ந்து நின்றான், தலை தட்டியது. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் முந்திய வருடம் நான் அவனிடமிருந்து பறிக்கப் பார்த்தேன்.