கேட்டு வாங்கிய சாவி

அனந்தபுரம் பஸ் ஸ்டாப்பில் நின்று ‘முருகா’ன்னு கத்தினால் மூணு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அதே பெயரை ஒரு வீட்டுக்குள் சொன்னால் திரும்புவது ஒருத்தர்தான். பைத்தானில் ஸ்கோப் என்பது ஏறக்குறைய இதுதான். ஒரு ஃபங்ஷனுக்குள் பிறந்த பெயருக்கு அந்த ஃபங்ஷன்தான் வீடு. வேலை முடிந்ததும் பெயரும் போய்விடும். உள்ளே கிடைக்காத பெயரைத்தான் பைத்தான் வாசல் தாண்டி வெளியே தேடும்.

வெளியே இருப்பது குளோபல் வேரியபிள். அதை எந்த ஃபங்ஷனும் கேட்காமலே படிக்கலாம். உள்ளே ‘குளோபல்’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் மாற்றவும் செய்யலாம். நாற்பது ஃபங்ஷன் உள்ள நிரலில் தொகை தப்பாக வந்தால் நாற்பது பேரையும் சந்தேகப்படணும். பராமீட்டர் அப்படி இல்லை. வாசலில் நின்று, எனக்கு இது மட்டும் வேணும்னு கேட்கும்.

நம் ஊர்களில் ஒரு பெண்ணின் பிளஸ் டூ மார்க், அவள் சொல்வதற்கு முன்னாடியே டீக்கடைக்குப் போயிடும். அக்கறைன்னு சொல்லுவாங்க. எனக்கு அது கேட்காமல் எடுப்பதாகத்தான் படுது. ஆதார் இன்னும் பெரிய குளோபல்: 12 இலக்கம், எந்தக் கவுண்டருக்குப் போனாலும் அதே எண். 2018 செப்டம்பர் 26-ல் உச்ச நீதிமன்றம் ஆதார் செல்லும் என்றது. ஆனால் வங்கிக் கணக்கோடும் செல்போன் எண்ணோடும் கட்டாயம் இணைக்கணும் என்பதை ரத்து செய்தது. அதை ஸ்கோப் பற்றிய தீர்ப்பாகவே நான் படிக்கிறேன்.

சரி, கேட்டு வாங்கிவிட்டால் போதுமா? பைத்தானில் ஒரு லிஸ்ட்டை ஃபங்ஷனிடம் கொடுப்பது ஜெராக்ஸ் கொடுப்பது மாதிரி இல்லை. வீட்டின் டூப்ளிகேட் சாவியைக் கொடுப்பது மாதிரி. வாங்கினவர் தன் ஆணியில் அதை எடுத்துவிட்டு வேறு சாவியை மாட்டினால் உங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே போய் பீரோவை நகர்த்தினால், நீங்கள் வரும்போது பீரோ நகர்ந்துதான் இருக்கும். சாவி கொடுத்தீங்களே என்பார். கொடுத்தது உண்மைதான். பீரோவை நகர்த்தச் சொன்னோமா?

பைத்தானை உருவாக்கியவர்களுக்கு இந்தக் கூச்சம் இருந்திருக்கிறது. ‘சார்ட்டட்’ என்ற ஃபங்ஷன் உங்கள் லிஸ்ட்டைத் தொடாமல், வரிசைப்படுத்திய புது லிஸ்ட்டைத் தரும். லிஸ்ட்டின் ‘சார்ட்’ இருக்கிற லிஸ்ட்டையே கலைத்து அடுக்கும். திருப்பித் தருவது ‘நன்’, அதாவது ஒன்றுமில்லை. புதுசு ஒன்று கிடைத்ததாக யாரும் ஏமாறக்கூடாது என்பதற்காகவே அந்த வெறுங்கை. நாம் எழுதுகிற ஃபங்ஷன்களுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை.