பருவத்தைத் தேர்வது

1

மகன் அனுப்பிய பயணத் திட்டம் இரண்டு வாரமாக மேஜைமேல் கிடக்கிறது. ஜனவரி மூன்றாம் வாரம், பத்து நாட்கள். சென்னையிலிருந்து விமானத்தில் கொழும்பு. அங்கிருந்து கடலோரமாகவே ஓடும் ரயிலில் காலி. காலியிலும் வெலிகமையிலும் தங்கல். நடுவில் ஒரு நாள் முழுக்கப் பாய்மரப் படகில். 'இந்தக் குளிர்ல அங்க உக்காந்து என்ன பண்ணப் போறீங்கப்பா, வந்து கொஞ்சம் வெயில் காயுங்க' என்று தொலைபேசியில் சொன்னான். அரவேணுவில் மார்கழி மழை சாயங்காலம் நாலு மணிக்கே விளக்குப் போட வைக்கிறது. ஓய்வு பெற்ற பள்ளி வாத்தியாருக்கும் அவனுடைய ஒன்றரை ஏக்கர் தேயிலைக்கும் இந்த அழைப்பை மறுக்கக் காரணம் எதுவும் இல்லை.

அந்தத் தாளில் ஒரு சொல்லை மகன் அடிக்கோடிட்டிருந்தான்: 'சீசன்'. தீவின் தென்மேற்குக் கரையில் மே முதல் செப்டம்பர் வரை மழையும் கொந்தளிப்பும். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை அங்கே கடல் அடங்கிக் கிடக்கும். கிழக்கே திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் இதற்கு நேர் எதிர். வடகிழக்குப் பருவக்காற்று மார்கழி, தை மாதங்களில் அந்தக் கரையில்தான் மழையைக் கொட்டுகிறது. ஆக, எந்த மாதத்தில் போனாலும் தீவின் ஏதோ ஒரு கரையில் வெயில் இருக்கும். திட்டம் போடுகிறவனுக்கு இதைவிட வசதி வேறென்ன? நனைகிற பாதியை நனைய விட்டுவிட்டுக் காய்கிற பாதிக்குப் போய்விடலாம். தென்கிழக்காசியாவிலிருந்து மேற்கே போகும் பாய்மரப் படகுக்காரர்களும் அந்த மாதங்களில்தான் வடகிழக்குக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு காலித் துறைமுகத்தில் ஒதுங்குகிறார்கள்.

வசதி என்பதற்கு மேல் இதில் ஒரு கேள்வி இருப்பதாக எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. ஓர் இடத்தின் பருவத்தைத் தேர்வது என்றால் என்ன? அங்கே நடக்கிற வாழ்வில் எது என்னைத் தொடலாம், எது தொடக்கூடாது என்று போவதற்கு முன்பே தீர்மானித்துவிடுவது. அந்த இடத்தில் பிறந்தவனுக்கு இந்தத் தீர்மானம் கிடையாது. அவன் பன்னிரண்டு மாதத்தையும் வாங்கிக்கொள்கிறான். இந்த வித்தியாசத்தை வெறும் பண வித்தியாசம் என்று சொல்லி முடித்துவிட முடியுமா?

2

'சீசன்' என்ற சொல்லை நீலகிரிக்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஏப்ரலும் மேயும் இங்கே சீசன். 'சீசன் எப்படி?' என்பது பஜாரில் குசல விசாரிப்பு. மற்ற பத்து மாதமும் நாங்கள் இங்கேதான் இருக்கிறோம் என்பது வருகிறவர்களுக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். தெரிய வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை, அவ்வளவுதான். 2009 நவம்பரில் மழையில் மலை சரிந்து இந்த மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. வீடுகள் இருந்த இடத்தில் சிவப்பு மண் தெரிந்தது. அதற்கடுத்த சீசனுக்கு அந்த மண்ணில் பச்சை பிடித்துவிட்டது. வந்தவர்கள் அந்தப் பச்சையைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் தப்புச் செய்யவில்லை. மே மாதம் வந்தவர்களுக்கு நவம்பரை யார் காட்டுவது?

அரவேணுவிலிருந்து பிரியும் சாலையில் போனால் காத்தரின் அருவி. கோத்தகிரிப் பக்கம் காப்பி பயிரிட்ட காக்பர்ன் துரையின் மனைவி பெயர் அதற்கு வைக்கப்பட்டதாகச் சொல்வார்கள். படகர்கள் அந்த நீருக்கு அதற்கு முன்பே ஒரு பெயர் வைத்திருந்தார்கள். முப்பது வருஷம் வகுப்பில் நான் காத்தரின் என்றுதான் சொல்லிக் கொடுத்தேன். படகப் பிள்ளைகளும் பரீட்சையில் காத்தரின் என்றே எழுதி மதிப்பெண் வாங்கினார்கள். வந்துபோகிறவர்கள் வைத்த பெயர் இருக்கிறவர்களின் பாடமாவது இப்படித்தான். அதற்குச் சம்பளம் வாங்கியவன் நான்.

2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் வெளியூர் வாகனங்கள் ஊட்டிக்கு வர இ-பாஸ் எடுக்கவேண்டும் என்றானபோது, எனக்குள் ஒரு திருப்தி ஏற்பட்டதை மறைக்க விரும்பவில்லை. 'இனிமேலாவது கேட்டுவிட்டு வாருங்கள்' என்ற திருப்தி. இப்போது காலியின் சீசனைக் கையில் வைத்துக்கொண்டிருப்பவன் அதே ஆள்தான். பார்க்கப்படுகிற இடத்தில் ஆயுள் முழுக்க இருந்தவனுக்குக்கூடப் பார்க்கப் போகும்போது அந்த அனுபவம் கைகொடுப்பதில்லை. தான் பட்டதிலிருந்து மனிதன் தானாகவே கற்றுக்கொள்வான் என்கிற நம்பிக்கை நம் இலக்கியத்தில் மிகுதி. எனக்கு அதில் சந்தேகம் உண்டு.

3

பாய்மரத்தில் வருகிறவர்கள் முன்பும் அந்தத் தீவுக்கு வந்தார்கள். காலியில் 1911ல் ஒரு கல்வெட்டு அகப்பட்டது. 1409ஆம் வருஷத்தது. சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹோ கொண்டுவந்து நாட்டியது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகளில் எழுத்து. சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தேனாவரை நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு என்று செலுத்திய காணிக்கைகளின் ஜாபிதா.

செங் ஹோவை உத்தமனாக்கிக் காட்ட இதைச் சொல்லவில்லை. சில வருஷங்களுக்குள் அதே தளபதி அந்தத் தீவின் ஆட்சியாளன் ஒருவனைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனான். நான் சொல்ல வருவது வேறு. அந்நாள் கப்பல்காரனுக்குக் காற்றைத் தேரும் வசதி இல்லை. காற்று திரும்பும்வரை அந்நிய ஊரில் மாதக்கணக்கில் கிடக்கவேண்டும். கிடக்கிற இடத்தில் யாருடைய தெய்வம் இருக்கிறது, யார் எந்த மொழி பேசுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் முடியாது. தன் வரவைச் சொல்லக்கூட அவர்களுடைய மொழி அவனுக்குத் தேவைப்பட்டது. என் மகனுடைய திட்டத்தில் பத்து நாளும் மணிக்கணக்காகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. அதில் ஊர்க்காரன் ஒருவன்கூட இல்லை. ஓட்டல் இருக்கிறது, படகு இருக்கிறது, 'மதிய உணவு சேர்த்து' என்று இருக்கிறது. உணவைக் கொண்டுவந்து வைக்கும் கை இல்லை.

4

இந்த யோசனைகளெல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தன, என் தோட்டத்தில் கொழுந்து எடுக்க வரும் அக்காவிடம் வாய் தவறிச் சொல்லும்வரை.

'அக்கா, தை மாசம் சிலோன் போறேன்.'

அவர் கூடையை இறக்கி வைத்தார். 'யாரு சார் இருக்காங்க அங்க உங்களுக்கு?'

யாரும் இல்லை, சும்மா பார்க்கத்தான் என்றேன். சும்மா என்ற சொல் எனக்கே கேவலமாக ஒலித்தது.

அக்கா பிறந்தது பண்டாரவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில். 1974ல், பதின்மூன்று வயதில், இங்கே வந்தவர். வந்தவர் என்பது சரியில்லை, அனுப்பப்பட்டவர். 1948ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். 1974ல் பார்த்துக்கொண்டார்கள்: ஆளுக்கு 75,000. தேயிலை ஏலத்தில்கூடச் சரக்கை ருசி பார்த்துவிட்டுத்தான் பிரிப்பார்கள்.

அந்த ஒப்பந்தமும் ஒரு பயணத் திட்டம்தான். தேதி, ரயில், தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு எந்த ஊர் என்பதுவரை எல்லாம் அதில் குறித்திருந்தது. போகிறவர் மட்டும் அதைப் போடவில்லை. வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு அரசு தேயிலைத் தோட்டத்தில், டான்டீ என்று நாம் சொல்வதில், வேலை கிடைத்தது. மற்றவர்கள் கூடலூர், குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களில் கிடைத்த வேலைக்குப் போனார்கள். அங்கே 'இந்தியாக்காரர்' என்றவர்களுக்கு இங்கே 'சிலோன்காரர்' என்று பெயர்.

'காலி பார்த்திருக்கீங்களாக்கா?' என்று கேட்டேன்.

'நான் எங்க சார் பார்த்தேன். தோட்டத்த விட்டு வந்ததே அந்த ஒரு தடவைதான். கோச்சியில ஏத்துனாங்க. ஏறுனவங்க, ஏத்திவிட வந்தவங்க எல்லாம் அழுவாங்க. அழுகைக் கோச்சின்னே பேரு அதுக்கு. தலைமன்னார்ல எறங்குனப்பதான் கடலுன்னு ஒண்ண கண்ணால பார்த்தேன். கப்பல்ல பூரா வாந்தி. அதுக்கப்புறம் கடலு பார்க்கல.'

தீவில் பிறந்த ஒரு மனுஷிக்குக் கடல் என்பது வெளியேறும் வாசலாக மட்டுமே ஆகியிருக்கிறது. நான் அதே கடலில் பாய்மரப் படகுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்.

5

சுற்றுலா விளம்பரப் படங்களில் தீவு எப்போதும் காலியாகத்தான் இருக்கிறது. வெள்ளை மணல், சாய்ந்த தென்னை, ஒரு படகு, ஆள் இல்லை. ஆளில்லாத தீவு என்ற இந்தக் கனவு எங்கிருந்து வந்தது? நம்முடைய மணிமேகலையில் ஒரு தீவு இருக்கிறது, மணிபல்லவம். அங்கே ஆபுத்திரன் தனியாக விடப்படுகிறான். பஞ்சத்தில் வாடும் சாவக நாட்டு மக்களுக்குச் சோறிடப் போகிற வழியில் காற்றுக் கலங்கி, கப்பல் அந்தத் தீவில் தங்குகிறது. அவன் இறங்குகிறான். அவன் ஏறிவிட்டான் என்று நினைத்துக் கப்பல் இரவில் போய்விடுகிறது. அவன் கையில் எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி. ஒருவனுக்கு அதைவிடப் பாதுகாப்பான தீவு வாழ்வு கிடையாது. உண்ணும் நீரும் உண்டு, சோறும் உண்டு. ஆனால் வாங்க ஒரு கை இல்லை. அவன் பாத்திரத்தைப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் கிடந்து உயிரை விடுகிறான்.

இதைச் சிறுவயதில் படித்தபோது முட்டாள்தனமாகப் பட்டது. இப்போது இந்தக் காட்சி என்னை விடுவதில்லை. நாம் காசு கொடுத்துத் தேடிப்போகிற நிலையை, அதாவது சகல வசதியும் இருந்து பிற மனிதன் குறுக்கிடாத நிலையை, அவன் வாழத் தகாத நிலையாகக் கண்டான். ஈகைப் பெருமை இதில் ஒரு பக்கம்தான். எதிரில் ஆள் இல்லாதபோது தன்னிடம் இருப்பதற்கு அர்த்தமே இல்லை என்கிற பிரக்ஞை இன்னொரு பக்கம். ஆளில்லாத தீவு என்று ஒன்று இல்லவே இல்லை என்றால், அப்படி ஒன்றுக்குத் திட்டம் போடுகிறவன் இருக்கிற ஆட்களை மனத்தில் அழித்துவிட்டுத்தான் போகவேண்டியிருக்கிறது.

6

அப்படியானால் போகாமல் இருந்துவிடலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். யோசித்தேன். போகாமலிருப்பது மலிவான அறம். அதில் யாருக்கும் எதுவும் கிடைப்பதில்லை. நான் ஒரு நல்லவனாகிறேன், அவ்வளவே. காலியில் படகு ஓட்டுகிறவனுக்கு என் மனசாட்சியால் ஒரு வேளை உலையேறாது. 2004 டிசம்பர் 26ல் அதே கரையை ஆழிப்பேரலை அடித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகும் அதே கடலை நம்பித்தான் அங்கே ஜீவனம்.

இன்னொரு நண்பர், பண்டாரவளைக்கு ஒரு நாள் போய் அக்காவின் லயத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். இது முதலில் நியாயமாகப் பட்டது. திட்டத்தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியும் வைத்தேன். பிறகு அழித்துவிட்டேன். அவர் கேட்கவில்லை. அவருடைய துக்கத்தையும் என் பத்து நாளில் ஒரு காட்சியாகச் சேர்த்துக்கொண்டு, திரும்பி வந்து படத்தைக் காட்டி அவர் கண்ணில் நீர் வருகிறதா என்று பார்ப்பது வெயில் காய்வதைவிடக் கீழான காரியம்.

என்ன கொண்டுவரட்டும் என்று ஒரு நாள் அவரிடமே கேட்டேன். பதிலில் ஏதோ கனமாக வரும் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு பிடி மண், ஒரு தேயிலை விதை, இப்படி ஏதாவது. நாம் படித்த கதைகள் நம்மை அப்படிப் பழக்கியிருக்கின்றன.

அவர் கேட்டது இது: 'பத்து நாளு நீங்க இல்லேன்னா கொழுந்து யாரு சார் எடை போட்டு ஏஜென்ட்டுக்கு ஏத்தறது? எடுக்காம விட்டா முத்திப் போயிரும். சனிக்கிழமை சம்பளம் யாருகிட்ட வாங்கறது?'

என் மகனின் திட்டத்தில் அது இல்லை. என் யோசனைகளிலும் இல்லை. 1409ஐயும் 1964ஐயும் மணிபல்லவத்தையும் சுற்றி வந்த எனக்கு, என் ஒன்றரை ஏக்கரில் இரண்டு சனிக்கிழமைகள் விழுவது தெரியவில்லை. அவருடைய வாழ்வை என் பயணம் தொடுகிற ஒரே இடம் அதுதான். அங்கே நான் பார்க்கவே இல்லை. சரித்திரத்துக்கு வருத்தப்படுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அதற்குச் சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டியதில்லை.

பக்கத்துத் தோட்டக்காரரிடம் பேசியிருக்கிறேன். எடையை அவர் பார்த்துக்கொள்வார். கூலியை எண்ணி இரண்டு உறையில் போட்டு அவரிடமே கொடுத்துவிட்டுப் போகவேண்டும். தையில் கொழுந்து குறைவு. அதனால் எடைக்கூலி வேண்டாம், நாள் கூலியாகவே போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். அக்காவிடம் சொன்னபோது, 'அப்ப போயிட்டு வாங்க சார்' என்றார். கூடையை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டு, வழக்கமாகத் தொடங்கும் மேல் வரிசைக்கு ஏறிப் போனார்.