உடலின் சாட்சி

"நடந்தது நடந்துவிட்டது, இனி மறந்துவிடுங்கள்" என்று துயருற்றோருக்கு உபதேசம் செய்வது எளிது. ஆனால் மறதி மனித விருப்பத்துக்குக் கட்டுப்பட்டதன்று. நம் நாட்டுப் போர் 2009இல் ஓய்ந்தது. எனினும் கோயில் திருவிழாவில் வெடி அதிரும்போது நிலத்திற் குந்தித் தலையைப் பொத்திக்கொள்ளும் தாய்மார் இன்றும் நம்மிடையே உளர். அது வெறும் வெடியே என்பதை அறிவு அறியும். ஆயினும் நெஞ்சு படபடக்கிறது, தசை இறுகுகிறது, மூச்சு முட்டுகிறது. ஆபத்து நீங்கிய செய்தி உடலுக்கு இன்னும் எட்டவில்லை. இதனையே மனவடு என்கிறோம்.

உலகம் இவ்வுண்மையை எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. முதலாம் உலகப் போரில் உடல் நடுங்கிப் பேச்சிழந்த சிப்பாய்களை மேலதிகாரிகள் கோழைகள் என்றனர். இந்நோயைப் பற்றி 'ஷெல் அதிர்ச்சி' என்ற பெயரால் சார்ள்ஸ் மயர்ஸ் 1915இல் மருத்துவ ஏட்டில் எழுதிய பின்னரும் நிலைமை பெரிதும் மாறவில்லை. கோழைத்தனம், படையை விட்டோடல் முதலிய குற்றங்களுக்காகப் பிரித்தானியப் படை சுட்டுக்கொன்ற 306 பேருக்கு 2006இலேதான் மன்னிப்பு வழங்கப்பட்டது. வியட்நாமிலிருந்து மீண்ட படையினர் குரலெழுப்பிய பின்னரே, 1980இல், அமெரிக்க உளமருத்துவச் சங்கம் மனவடுவைத் தன் நோய்ப்பட்டியலிற் சேர்த்தது. பாதிக்கப்பட்டோரின் போராட்டமே மருத்துவத்தின் கண்ணைத் திறந்தது.

இவ்வடுவை ஆற்றுவது எங்ஙனம்? நடந்ததைச் சொல்லென வற்புறுத்துதல் சிகிச்சையாகாது. முதலில் வேண்டுவது பாதுகாப்பு. பாதம் நிலத்திற் படிவதை உணர்தல், மூச்சை மெல்ல நீட்டி விடுதல், இறுகிய தோளைத் தளர்த்துதல் முதலிய சிறு பயிற்சிகளால் உடல் சிறிது சிறிதாக நிகழ்காலத்துக்கு மீள்கிறது. போரின் உளப்பாதிப்பை யாழ்ப்பாணத்தில் ஆராய்ந்த மருத்துவர் தயா சோமசுந்தரம், மூச்சுப் பயிற்சி, செபம் முதலான நம் மரபு வழிகளின் பயனையும் எடுத்துக்காட்டினார். எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்பதைத் துயருற்றவரே தீர்மானித்தல் வேண்டும். வன்முறை அவரிடமிருந்து பறித்தது தம் உடல்மீது தமக்கிருந்த உரிமையை அன்றோ? குணப்படுத்த வந்தவரும் அதனைப் பறித்தல் தகாது.

இங்கு ஓர் அறவினா எழுகிறது. அன்றைய படை மருத்துவர் பலர் சிப்பாயைக் குணப்படுத்தியது மீண்டும் போர்முனைக்கு அனுப்புதற்கே. அநீதியைச் சகித்துக்கொள்ளப் பழக்குவதுதான் சிகிச்சையா? காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடும் தாய்க்கு மூச்சுப் பயிற்சி விடையாகாது. அவள் கேட்பது உண்மையை. அதற்காக, சமுதாயம் மாறும்வரை அவள் உறக்கமின்றித் துடிக்கட்டும் என்பதும் கொடுமையே. அவளுக்கு இன்றிரவு உறக்கமும் வேண்டும், நீதியும் வேண்டும். முன்னதற்கு உளவளத்துணையாளர் உதவலாம். பின்னதற்குப் பொறுப்பாளிகள் நாமனைவரும். உறங்கி எழுந்த தாய் தன் கேள்வியை மேலும் உரத்துக் கேட்பாள். செவிசாய்க்க நாம் ஆயத்தமா?