தேய்ந்த கரடி

ஒரு பொருள் எந்தக் காரியத்துக்காகச் செய்யப்பட்டதோ, அந்தக் காரியத்தைச் செய்து செய்தே தேய்ந்து போகிறது. அப்போது அதன் மதிப்பு கூடுகிறதா, குறைகிறதா? அம்மியைப் பற்றி யாரும் இப்படிக் கேட்பதில்லை. தேய்ந்தால் கொத்திக்கொள்கிறோம், விஷயம் தீர்ந்தது. பொம்மை விஷயம் அவ்வளவு சுலபமாகத் தீர்ந்துவிடுவதில்லை.

மேல்நாடுகளில் பழைய மொஹேர் பொம்மைகளைச் சேகரிப்பவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. கரடி, யானை, நாய், குரங்கு என்று உள்ளே திணித்துத் தைத்த மிருகப் பொம்மைகள். தலை நரைத்தவர்கள், நல்ல உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்கள், பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரு கரடியின் காதை ஆராய்வார்கள். கேட்டால் சிரிப்பு வரும். வரட்டும். சிரித்து முடித்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

மொஹேர் என்பது அங்கோரா ஆட்டின் ரோமம். இன்று துருக்கியின் தலைநகராக இருக்கும் அங்காராவின் பழைய பெயர்தான் அங்கோரா. பட்டுப் போன்ற பளபளப்பும், சுலபத்தில் அறாத உறுதியும் கொண்ட ரோமம் அது. வெல்வெட்டைப் போல நுனிகள் எழுந்து நிற்கும்படி நெய்து, வெட்டித் தைத்து, உள்ளே மெல்லிய மரச் சுருளைத் திணிப்பார்கள். ஆரம்பத்தில் பூட்ஸ் பொத்தான்களே கண்கள். பிறகு கண்ணாடிக் கண்கள் வந்தன.

இந்தப் பொம்மைகளில் பெயர் பெற்றவை ஜெர்மனியின் தெற்கே கீங்கென் என்ற சிற்றூரில் பிறந்தவை. 1847-ல் அவ்வூரில் பிறந்த மார்கரெட்டே ஸ்டைஃப் என்ற பெண்மணியை ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. கால்கள் இரண்டும் போயின. வலக் கையும் பலவீனப்பட்டது. அப்படியும் தையல் கற்று, கம்பளித் துணியில் உடைகள் தைத்து விற்கும் தொழில் ஒன்றை நடத்தினார். 1880-ல் ஊசி செருகி வைப்பதற்காகச் சிறு யானை ஒன்றைத் தைத்தார். பெரியவர்களுக்கு அது ஊசிமெத்தை. குழந்தைகள் பார்த்தார்கள், அது யானைதான் என்று தீர்மானித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் பொம்மைத் தொழிலில் இறங்கியதற்கு அந்த யானைதான் காரணம். இந்த யானையை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவருடைய மருமான் ரிச்சர்ட் ஸ்டைஃப் 1902-ல் கையும் காலும் அசையும் கரடி ஒன்றை உருவாக்கினார். அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், மிஸிஸிப்பியில் வேட்டைக்குப் போன இடத்தில், மரத்தில் கட்டிப் போட்டிருந்த கரடியைச் சுட மறுத்தார். கிளிஃபர்ட் பெரிமன் என்ற சித்திரக்காரர் அதைப் பத்திரிகையில் கேலிச்சித்திரமாக்கினார். ‘டெடி’ என்ற ஜனாதிபதியின் செல்லப் பெயர் பொம்மைக் கரடிக்கு வந்து சேர்ந்தது. 1907-ஆம் ஆண்டில் மட்டும் கீங்கெனில் 9,70,000-க்கு மேற்பட்ட கரடிகள் செய்தார்கள். தங்கள் சரக்கு என்று தெரிவதற்காக 1904 முதல் பொம்மையின் காதில் ஓர் உலோகப் பொத்தானைப் பதித்தார்கள். பூதக்கண்ணாடி தேடுவது அந்தப் பொத்தானைத்தான்.

இனி விலைக்கு வருவோம். ரோமம் உதிராமல் இருக்க வேண்டும். காதில் பொத்தானும், பொத்தானோடு தைத்த சிறு சீட்டும் இருக்க வேண்டும். மூக்கின் தையல் பிரியாமல், பாதத்துக் கம்பளி கிழியாமல், சாய்த்தால் உறுமும் குரல் பெட்டி கெடாமல் இருக்க வேண்டும். இத்தனையும் பொருந்தினால் விலை ஏறும். வயிற்றில் வழுக்கை விழுந்து, ஒரு காது தொங்கினால் இறங்கும். 1912-ல் டைட்டானிக் கப்பல் மூழ்கிய சமயம் இங்கிலாந்துக்காகக் கறுப்புக் கரடிகள் செய்தார்கள். அவற்றில் ஒன்று 2000 டிசம்பரில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 91,750 பவுண்டுக்குப் போயிற்று.

யோசித்துப் பாருங்கள். குழந்தைக்காகச் செய்த ஒரு கரடி, நூறு வருஷம் ரோமம் உதிராமல் எப்படி இருந்திருக்க முடியும்? குழந்தைக்கு அது பிடிக்காமல் போயிருக்கலாம். ‘அழுக்காக்கிவிடுவாய்’ என்று பெரியவர்கள் அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கலாம். விளையாட வேண்டிய குழந்தை விளையாடும் வயதைத் தாண்டாமலே போயிருக்கலாம். மொஹேர் லேசில் தேய்கிற சரக்கல்ல. அது தேய வேண்டுமானால் ஒரு குழந்தை அதே இடத்தை ஆயிரம் இரவுகள் பிடித்துக்கொண்டு தூங்க வேண்டும். அப்படித் தேய்ந்த கரடிக்குச் சந்தையில் விலை குறைவு. யாரும் தொடாத கரடிக்கு விலை அதிகம். அன்பு பட்ட இடத்தைச் சேதம் என்று கணக்கெழுதும் வியாபாரம் இது.

இதை நண்பர் ஒருவரிடம் சொன்னேன். “என்ன சார், தபால் தலை சேர்க்கிறவன் கூட முத்திரை விழாத தலைக்கு ஆசைப்படுவதில்லையா? இதுவும் அப்படித்தான்” என்றார். நியாயமான ஆட்சேபம். ஆனால் தபால் தலையை எந்தக் குழந்தையும் கட்டிக்கொண்டு அழுததில்லை. முத்திரை விழுந்தால் அதன் வேலை முடிந்தது. பொம்மையின் வேலையோ, வழுக்கை விழ விழத்தான் நடந்துகொண்டிருக்கிறது.

சந்தைக்கு இதயமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 1994-ல் ‘டெடி கேர்ல்’ என்ற கரடி 1,10,000 பவுண்டுக்கு ஏலம் போயிற்று. 1904-ஐச் சேர்ந்த கரடி அது. பாப் ஹெண்டர்ஸன் என்ற ராணுவ கர்னலோடு அவருடைய ஆயுள் முழுவதும் வாழ்ந்தது. பிறகு ஜப்பானிலுள்ள பொம்மைக் காட்சிசாலைக்குப் போயிற்று. இங்கே பணம் கொடுத்தது பெரும்பாலும் அந்த உறவுக்காகத்தான். ஆனால் உறவு கைமாறுமா? ஒருவர் ஆயுள் முழுவதும் செலுத்திய அன்பின் அத்தாட்சி மற்றவருக்குக் கிடைக்கலாம், அன்பு கிடைக்காது.

வின்னி த பூவின் கதைக்கு ஆதாரமான கரடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1921-ல் லண்டன் ஹாரட்ஸ் கடையில் கிறிஸ்டோஃபர் ராபின் மில்ன் என்ற குழந்தையின் முதல் பிறந்த நாளுக்கு வாங்கியது. 1947-ல் அமெரிக்காவுக்குப் போன கரடியும் அதன் தோழர்களும் 1987 முதல் நியூயார்க் பொது நூலகத்தின் சொத்து. கரடியை அணைத்து வளர்ந்த மில்னுக்கு அதில் வருத்தமில்லை. என்றோ பிடித்திருந்த பொருள்களைக் காட்டிலும் இன்று பிடித்தவை தம்மைச் சுற்றி இருப்பதே அவருக்கு விருப்பமாக இருந்தது. அவர் 1996-ல் காலமானார். இரண்டு வருஷம் கழித்து பிரிட்டிஷ் பார்லிமெண்டு அங்கத்தினர் ஒருவர், பொம்மைகளைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று குரல் எழுப்பினார். நியூயார்க் மேயர் மறுத்தார். சொந்தக்காரர் விட்டுவிட்டார், இரண்டு நாடுகள் விடவில்லை.

அப்படியானால் சேகரிப்பவர்களெல்லாம் பேராசைக்காரர்களா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பீட்டர் புல் என்ற ஆங்கில நடிகருக்குப் பதினாறு வயது. பள்ளி விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்தால், அவருடைய கரடியைத் தாயார் தர்ம விற்பனைக்குக் கொடுத்துவிட்டிருந்தார். அந்தக் குறை அவரை விடவில்லை. பெரியவரான பின் கரடிகளைச் சேர்த்தார். 1969-ல் அவற்றைப் பற்றிப் புத்தகமே எழுதினார். அமெரிக்காவில் மெய்ன் மாகாணத்து மளிகைக் கடையொன்றில் வருஷக் கணக்காக உட்கார்ந்திருந்த கரடி ஒன்றை, அதன் உடைமைக்காரர் அவருக்கே அனுப்பி வைத்தார். விலை பேசவில்லை. இவரிடம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, அவ்வளவுதான். 1981-ல் ‘பிரைட்ஸ்ஹெட் ரீவிஸிட்டட்’ டெலிவிஷன் தொடரில் நடித்த கரடி அதுதான்.

ஆகவே, சேர்ப்பதில் தோஷம் இல்லை என்றே நினைக்கிறேன். போனதைத் தேடுகிறவனும், அநாதையாகக் கிடப்பதற்கு இடம் கொடுக்கிறவனும் நல்ல காரியத்தையே செய்கிறார்கள். தோஷம் வேறு இடத்தில் இருக்கிறது. இன்று பெரியவர்களுக்கென்றே எண்ணிக்கை குறித்து, வரிசை எண் போட்டு, அத்தாட்சிப் பத்திரத்தோடு பெட்டியில் வைத்துக் கரடிகளை விற்கிறார்கள். பெட்டியைத் திறந்தால் மதிப்புக் குறையுமோ என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய கரடி அலமாரியில் பூட்டப்பட்டது ஒரு விபத்து. இந்தக் கரடிக்கோ பிறக்கும்போதே பூட்டு. குழந்தை கேட்டு அழுதாலும், ‘அது விளையாடுவதற்கில்லை’ என்று ஒரு பொம்மையைக் காட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது!

கீங்கெனில் தைத்த அந்த யானை ஞாபகம் இருக்கிறதல்லவா? பெரியவர்கள் ஊசிமெத்தை என்றார்கள். குழந்தைகள் அதைப் பொம்மையாக்கினார்கள். பெட்டியிலிருக்கும் கரடியைப் பெரியவர்கள் பாங்குப் பத்திரமாக்கி வைத்திருக்கிறார்கள். அதையும் மறுபடி பொம்மையாக்கக் குழந்தைகளால் முடியும். நாம் செய்ய வேண்டியது பெட்டியைத் திறந்து வைப்பதுதான். ரோமம் உதிரும், விலை குறையும். குறையட்டும்.